மரப் பெட்டிக்குள் பாம்பு: சூட்டை எங்கே வைப்பது?

பனிக்காலம் தொடங்கியதும் பாம்பு வளர்ப்பவர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் சூட்டைப் பற்றியவை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வந்தவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

18 மி.மீ. பிளைவுட்டில் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் பெட்டி செய்து, முன்பக்கம் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறேன். உள்ளே ஒன்றரை வயது பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு வகை). ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய விரிப்பு) வாங்கிப் பெட்டிக்கு அடியில் ஒட்டினேன். ஒரு வாரமாகியும் உள்ளே சூடு தெரியவில்லை. மேட் மட்டும் தொட முடியாமல் கொதிக்கிறது. மேட் பழுதா?
(ஓசூர்)

மேட் நன்றாகத்தான் இருக்கிறது. அது இருக்கும் இடம்தான் தப்பு. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

தோசைத் திருப்பிக்கு மரப் பிடி போடுவது எதற்காக? மரம் சூட்டை எளிதில் கடத்தாது. கண்ணாடித் தொட்டிக்கு அடியில் ஒட்டுவதற்காகச் செய்யப்பட்டது ஹீட் மேட். 5 மி.மீ. கண்ணாடி வழியாகச் சூடு மேலே ஏறிவிடும். 18 மி.மீ. பிளைவுட்டில் அது நடக்காது. மேட் வெளியிடும் சூடு மரத்துக்கும் மேட்டுக்கும் நடுவில் தேங்கி, மேட்டின் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். மரம் ஒரே நாளில் தீப்பிடிக்காது. ஆனால் மாதக்கணக்கில் இப்படி வறுபடும் மரம் நிறம் மாறி, கரியாகி, பிறகு குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். மேட்டைப் பிரித்தெடுத்து அந்த இடத்தைப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் அந்தப் பலகையை மாற்றிவிடுவது நல்லது.

மேட்டைப் பெட்டிக்குள் போட்டு மேலே தேங்காய் நார்ச் சிப்ஸைக் கொட்டுவதும் தீர்வு ஆகாது. நாரும் சூட்டை மறிக்கும். பாம்பு குளிருக்கு அடியில் தோண்டிப் போய் மேட்டின் மேலேயே படுத்து வயிற்றைச் சுட்டுக்கொள்ளும். தவிர, மேட் தரையைத்தான் சூடாக்கும், பெட்டிக்குள் இருக்கும் காற்றை அவ்வளவாகச் சூடாக்காது. ஓசூர் மார்கழியில் உங்களுக்கு வேண்டியது சூடான காற்று.

மரப் பெட்டிக்குச் சூடு மேலிருந்து வர வேண்டும். அதற்கு நடைமுறையில் இரண்டு வழிகள். ஒன்று, கூரையில் தட்டையாகத் திருகும் ரேடியன்ட் ஹீட் பேனல். இதன் முகப்புச் சூடு மிதமானது, வெளிச்சம் கிடையாது, பாம்பு சுற்றிக்கொள்ள இடமும் கிடையாது. மரப் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. விலை அதிகம், பெரும்பாலும் தருவித்துத்தான் வாங்க வேண்டும். மற்றொன்று, பல்பு போலத் திருகி மாட்டும் செராமிக் ஹீட் எமிட்டர். மலிவு, எளிதில் கிடைக்கும். ஆனால் ஓடும்போது இதன் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும். அதனால் பொருத்துவதில் கஞ்சத்தனம் கூடாது.

எமிட்டர் என்றால் இப்படிச் செய்யுங்கள். பெட்டியின் நீளத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு ஓரத்து மூன்றில் ஒரு பங்கின் நடுவில் பொருத்துங்கள். பெட்டியின் நடுவில் பொருத்தினால் இரு பக்கமும் ஒரே சூடாகி, பாம்புக்கு ஒதுங்க இடம் இல்லாமல் போகும். கூரைக்கும் ஹோல்டருக்கும் நடுவில் 8 மி.மீ. சிமென்ட் ஃபைபர் போர்டு 30 செ.மீ. சதுரத்துக்கு வெட்டி, மரத்தோடு ஒட்டாமல் 25 மி.மீ. உலோக இடைக்குழாய் கொடுத்துத் திருகுங்கள். அந்தக் காற்று இடைவெளிதான் மரத்தைக் காப்பாற்றுவது. ஹோல்டர் பீங்கானில் இருக்க வேண்டும். நம் வீட்டு பல்பு ஹோல்டர்கள் பெரும்பாலும் முள் மாட்டும் வகை, எமிட்டரோ இ27 திருகு வகை. இதற்காக விற்கும் பிளாஸ்டிக் மாற்றியை வாங்கி மாட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. நாளடைவில் அது உருகி எமிட்டர் கழன்று விழலாம். ஹோல்டரிலிருந்து முதல் ஓரடிக்கு சிலிகான் உறையோ கண்ணாடி இழை உறையோ போட்ட வயர். அதன் பிறகு 1.5 சதுர மி.மீ. மூன்று கோர் வயர். மூன்றாவது கோர் எதற்கு என்று எலக்ட்ரீஷியன் கேட்டால், உலோகக் கூண்டுக்கு எர்த் கொடுக்க என்று சொல்லுங்கள். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணமும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கப் போகின்றன.

கூண்டு இல்லாமல் எமிட்டர் கூடவே கூடாது. பாம்பு சூட்டை உணரும், ஆனால் தோல் வெந்துகொண்டிருக்கும்போது சட்டென விலகாது. நம்மைப் போல் துள்ளிக் குதித்து ஓடும் என்று நினைக்காதீர்கள். கால் அங்குல வெல்டுமெஷ்ஷில், எமிட்டரிலிருந்து எல்லாப் பக்கமும் 8 முதல் 10 செ.மீ. தள்ளிக் கூண்டு செய்து, அதன் விளிம்பு கூரையோடு முழுக்க ஒட்டும்படி நான்கு பக்கமும் திருகுங்கள். கூண்டின் மேல் பாம்பு ஏறி உட்கார விளிம்போ இடுக்கோ இருக்கக் கூடாது. வெட்டிய கம்பி முனைகளைக் கூண்டின் உட்பக்கம் மடித்து நசுக்கிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பாம்பை விடாமல், தெர்மோஸ்டாட்டையும் (சூட்டை அளந்து ஹீட்டரைத் தானே அணைத்துப் போடும் கருவி) இணைக்காமல், எமிட்டரை மூன்று மணி நேரம் முழுச் சூட்டில் ஓட விடுங்கள். அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கியால் கூரைப் பலகையைச் சுட்டுப் பாருங்கள். 60 டிகிரிக்கு மேல் காட்டினால் இடைவெளி போதவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் பாம்பை உள்ளே விட வேண்டாம்.

என் பெட்டி 3 அடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை. கடைக்காரர் 150 வாட் கொடுக்கிறார், நண்பர் 60 போதும் என்கிறார். யார் சொல்வது சரி?
(பென்னாகரம்)

இரண்டு பேருமே உங்கள் அறையைப் பார்க்கவில்லை. வாட்டைத் தீர்மானிப்பது பாம்பு இல்லை. விடியற்காலை அறையின் சூடும் பெட்டியின் அளவும்தான்.

18 மி.மீ. பிளைவுட், கண்ணாடி முகப்பு என்றால், 4x2x2 அடிப் பெட்டி உள்ளே வெளியே ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 10 வாட் இழக்கும். உங்கள் பெட்டி சிறியது, சுமார் 6 வாட். இனி கணக்கு எளிது. ஒரு வாரம், அதிகபட்ச-குறைந்தபட்ச அளவைப் பதிந்துவைக்கும் டிஜிட்டல் வெப்பமானியை அந்த அறையில் வையுங்கள். குறைந்தபட்சம் 21 டிகிரி என்று வந்தால், பெட்டியின் சராசரி 28 வேண்டும் என்றால், வித்தியாசம் 7. ஆறு ஏழு 42 வாட். அதன் மேல் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள்: 60 வாட். நண்பர் சொன்னது பொருந்துகிறது. ஆனால் இதே பெட்டி ஓசூரில், விடியற்காலை 17 டிகிரிக்கு இறங்கும் அறையில் இருந்தால் 66 வாட், அதன் மேல் பாதி, ஏறக்குறைய 100. அங்கே 60 வாட் இரவு முழுக்க நிற்காமல் எரிந்தும் தோற்றுப்போகும்.

150 வாட்டை வாங்கி தெர்மோஸ்டாட்டில் அடக்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அடக்கலாம். ஆனால் தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டால், சிறிய பெட்டியில் 150 வாட் 25 டிகிரி வித்தியாசத்தை உண்டாக்கும். அறை 21 என்றால் பெட்டி 46. அதிலே பாம்பு பிழைக்காது. தேவைக்குப் பாதி மேல் என்பது போதும்.

உங்களுக்கு இன்னொன்று. ஒன்றரை அடி உயரத்தில் எமிட்டரும் கூண்டும் சேர்ந்து பாதி உயரத்தைத் தின்றுவிடும். பாம்புக்கும் கூண்டுக்கும் நடுவில் ஓரடி கூட மிஞ்சாது. இந்த அளவுக்கு ஹீட் பேனல்தான் சரி. வாங்க முடியாது என்றால் பெட்டியின் உயரத்தைக் கூட்டுங்கள்.

எந்த டிகிரி என்று யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. பால் பைத்தானுக்கும் கார்ன் ஸ்னேக்குக்கும் (அமெரிக்காவின் விஷமில்லாத பாம்பு) ஒரே அளவா?
(பர்கூர்)

இல்லை. பால் பைத்தானுக்குச் சூடான பக்கத்தில், பாம்பு படுக்கும் மட்டத்தில் 31 முதல் 33, குளிர்ந்த பக்கத்தில் 25 முதல் 27. இரவில் எந்த மூலையும் 24-க்குக் கீழே போக வேண்டாம். கார்ன் ஸ்னேக்குக்குச் சூடான இடம் 29 முதல் 31, மறு பக்கம் 23 முதல் 25. இரவில் 20 வரை இறங்கினாலும் தாங்கும். தருமபுரி சமவெளியில் கார்ன் ஸ்னேக்குக்கு ஆண்டில் பல மாதம் ஹீட்டரே தேவைப்படாது.

கோழிக்குஞ்சு புரூடருக்குப் போடும் 250 வாட் சிவப்பு பல்பு வீட்டில் சும்மா கிடக்கிறது. சிவப்பு வெளிச்சம் பாம்புக்குத் தெரியாது என்கிறார்களே?
(பாலக்கோடு)

அது திறந்த கொட்டகையில் நூறு குஞ்சுகளுக்கு. மூடிய மரப் பெட்டியில் போட்டால் அடுப்பு. மேலே சொன்ன கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்: பெரிய பெட்டியிலும் 25 டிகிரி ஏறும். சிவப்பு தெரியாது என்பதும் தவறு. இரவில் எரியும் எந்த வண்ண பல்பும் பாம்பின் பகல்-இரவைக் குழப்பும். பால் பைத்தான் இரை எடுக்காமல் அடம் பிடிக்க அதுவும் ஒரு காரணம். இரவுக்கு வெளிச்சம் தராத சூடுதான் வேண்டும்.

இன்குபேட்டருக்கு விற்கும் தெர்மோஸ்டாட்டை மாட்டலாமா? எங்கள் ஊரில் நாட்டுக்கோழிக்காரர்களிடம் அதுதான் கிடைக்கிறது.
(காவேரிப்பட்டணம்)

மாட்டலாம், நன்றாகவே வேலை செய்யும். எஸ்.டி.சி. 1000 வகை என்றால் 230 வோல்ட்டில் நேராக ஓடும், 10 ஆம்பியர் ரிலே (உள்ளே இருக்கும் சுவிட்ச்). நம் 100 வாட்டுக்கு அரை ஆம்பியர் கூட வேண்டியதில்லை. 12 வோல்ட்டில் ஓடும் மூடியில்லாத சின்ன சர்க்யூட் பலகையைத் தவிருங்கள். அடாப்டர் ஒரு நாள் போனால் எல்லாம் போகும்.

வயரிங்கில் பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 1, 2 முனைகள் கருவிக்கு மின்சாரம். 3, 4 சென்சார். 5, 6 சூட்டுக்கு, 7, 8 குளிருக்கு. 5, 6-இல் மின்சாரம் தானாக வராது. அது வெறும் சுவிட்ச். அதனால் பேஸ் வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து 5-இல் கொடுத்து, 6-லிருந்து எமிட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். நியூட்ரல் நேராக எமிட்டருக்கு. இதைத் தெரியாமல் "கருவி பழுது" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் நிறைய. வாங்கிய கருவியின் மேல் ஒட்டியிருக்கும் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது எஃப்1, அதாவது வைக்க வேண்டிய டிகிரி. இன்குபேட்டர்காரரிடமிருந்து வாங்கியதென்றால் அதில் 37.5 அல்லது அதற்கு மேல் வைத்திருப்பார்கள், முட்டைக்கு அதுதான் வேண்டும். மாற்றாமல் போட்டால் பாம்பு செத்துவிடும். எஃப்1-ஐப் பால் பைத்தானுக்கு 32 என்றும், எஃப்2-ஐ, அதாவது எத்தனை டிகிரி இறங்கினால் மறுபடி எரிய வேண்டும் என்பதை, 0.5 என்றும் வையுங்கள். செராமிக் எமிட்டர் அணைந்த பிறகும் சில நிமிடம் சுட்டுக்கொண்டுதான் இருக்கும். அதனால் அளவு ஒரு டிகிரி மேலே போய் இறங்கும். அது இயல்பு. ஹீட் பேனலில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் காரியமே இருக்கிறது. எமிட்டருக்கு நேர் கீழே, பாம்பின் முதுகு வரும் உயரத்தில், பக்கச் சுவரில் கிளிப் அடித்து நிறுத்துங்கள். செல்லோ டேப்பும் இன்சுலேஷன் டேப்பும் பெட்டிக்குள் வேண்டவே வேண்டாம். சூட்டில் டேப் விட்டுக் கொடுக்கும், பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால் செதிலோடு சேர்ந்துதான் வரும். பாம்பு சென்சாரை இழுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டால், கருவி குளிர் என்று நினைத்து எமிட்டரை நிறுத்தாமல் எரிக்கும். இரண்டு இடத்தில் கிளிப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

ரிலே எரிந்து ஒட்டிக்கொண்டால் கருவி "அணைத்துவிட்டேன்" என்று காட்டும், எமிட்டர் எரிந்துகொண்டே இருக்கும். மலிவான கருவிகளில் இது எப்போதாவது நடக்கும், எப்போது என்று தெரியாது. ஆகவே அதே மாதிரி இன்னொரு கருவி வாங்கி, அதன் 5, 6-ஐ முதலாவதோடு தொடராக இணைத்து 36-இல் வையுங்கள். முதலாவது ஒட்டிக்கொண்டாலும் இரண்டாவது துண்டித்துவிடும். இதன் சென்சாருக்குத் தனிக் கிளிப், தனி இடம். இரண்டாவது கருவிக்கு ஆகும் செலவு ஒரு மாத எலிச் செலவுதான் இருக்கும்.

கிரானைட் பாலிஷ் பட்டறையில் துண்டுக் கற்கள் சும்மாவே கொடுக்கிறார்கள். பெட்டிக்குள் போடலாமா? சூடாகிப் பாம்பைச் சுடுமா?
(கிருஷ்ணகிரி)

நம் பகுதியில் இருந்துகொண்டு இதைப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் வீண். 18 மி.மீ. கனத்தில் ஓரடிச் சதுரத் துண்டு நாலரைக் கிலோ வரும். மேலிருந்து விழும் சூட்டைக் கல் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பித் தரும், தெர்மோஸ்டாட் விட்டு விட்டு எரியும்போது வரும் ஏற்ற இறக்கத்தையும் தணிக்கும். இரை எடுத்த பாம்பு வயிறு படக் கிடப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. எமிட்டருக்கு நேர் கீழே வைத்து, கல்லின் மேற்பரப்பைத் துப்பாக்கியால் பாருங்கள். 33, 34-க்கு மேல் போகக் கூடாது. போனால் கல்லைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கல்லைப் பெட்டித் தரையின் மேல் நேராக வையுங்கள்; நார்ச் சிப்ஸைப் பிறகு சுற்றிலும் கொட்டுங்கள். சிப்ஸின் மேல் கல்லை வைத்தால் பாம்பு அடியில் நுழைந்து தோண்டும், கல் உட்கார்ந்துவிடும். வெட்டிய ஓரங்களை உப்புத்தாள் போட்டு மழுக்கிவிடுங்கள்.

கடையில் விற்கும், மின்சாரம் கொடுத்துச் சூடாக்கும் ஹீட் ராக் இதோடு சேர்த்தியில்லை. அது வேண்டாம்.

பழைய டி.வி. ஸ்டாண்டைப் பெட்டியாக மாற்றலாமா? இல்லை, தொழிற்சாலைகளிலிருந்து வரும் பைன் மரப் பேலட்டைப் பிரித்துச் செய்யலாமா?
(அரூர்)

டி.வி. ஸ்டாண்ட் பெரும்பாலும் மரத்தூள் பலகை. பால் பைத்தான் பெட்டியின் ஈரத்தில் முதல் மழைக்காலத்திலேயே ஊதி, திருகுகள் விட்டுவிடும். எமிட்டரின் கூண்டு அந்தத் திருகில்தான் தொங்கப் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பைன் பேலட் உறுதியானது, ஆனால் சரியாக உலராத பைன் சூட்டில் பிசின் கசியும், அதன் வாடை மூடிய பெட்டியில் பாம்பின் மூச்சுக்கு ஆகாது. பேலட் எதைச் சுமந்து வந்தது என்றும் உங்களுக்குத் தெரியாது.

பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) தரப் பிளைவுட் வாங்குங்கள், முடிந்தால் ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட். எம்.ஆர். (ஈரத்தை ஓரளவே தாங்கும்) என்று போட்டது உள்ளறை மேசைக்குப் போதும், இதற்குப் போதாது. உட்புறம் தண்ணீர் கலந்து பூசும் (வாட்டர்-பேஸ்டு) பாலியூரிதேன் வார்னிஷ் மூன்று கோட்டு. மூலைகளில் மீன்தொட்டிக்குப் போடும் சிலிகான். பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிகான் வேண்டாம். பூசியபின் இரண்டு வாரம் திறந்து வையுங்கள், கடைசி மூன்று நாள் ஹீட்டரை ஓட விட்டுக்கொண்டே. மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தால் வாடை இருக்கக் கூடாது.

ஹீட்டர் போட்டதிலிருந்து பாம்பு சட்டையைத் துண்டு துண்டாகக் கழற்றுகிறது. கண்ணின் மேல் சட்டை ஒட்டியே இருக்கிறது.
(தளி)

ஈரப்பதம் போய்விட்டது. அறையில் 18 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்று, பெட்டிக்குள் 28-க்கு ஏறியதும் சுமார் 44 சதவீதமாகக் காட்டும். தண்ணீர் எங்கும் போகவில்லை. சூடான காற்று அதிகம் கேட்கிறது, அவ்வளவுதான். பால் பைத்தானுக்கு 60 முதல் 70 சதவீதம் வேண்டும், சட்டை கழற்றும் நாட்களில் இன்னும் கொஞ்சம் கூட.

பெட்டியின் காற்றோட்டத் துளைகளில் பாதியை மூடுங்கள். முழுக்க மூடினால் பூஞ்சை. தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்கி நடுப்பகுதிக்கு நகர்த்துங்கள். நார்ச் சிப்ஸை நான்கு அங்குலம் போட்டு, மூலைகளில் தண்ணீரை ஊற்றி அடிப்பகுதி ஈரமாகவும் மேற்பகுதி உலர்ந்தும் இருக்கும்படி வையுங்கள். மேலே தெளித்துக்கொண்டே இருப்பதில் பலனில்லை. ஒரு மணி நேரத்தில் போய்விடும், எமிட்டர் மேல் பட்டால் அது விரிசல் விடலாம். பட்டுப்புழு வளர்ப்பு மனையில் தொங்கும் ஈர-உலர் வெப்பமானி வீட்டில் இருந்தால், பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் முள் வைத்த மலிவு மீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை நம்பலாம்.

கண்ணின் மேலிருப்பதை நகத்தால் உரிக்காதீர்கள். ஈரத்துணி போட்ட மூடிய டப்பாவில் 28 டிகிரியில் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், பக்கத்திலேயே இருங்கள். வரவில்லை என்றால் அடுத்த சட்டையோடு வந்துவிடும். இரண்டு முறை கழற்றியும் வராவிட்டால் மருத்துவர்.

இரவில் கரண்ட் போய்விட்டால்? எங்களுக்கு மழைக்காலத்தில் நான்கைந்து மணி நேரம் கூடப் போகும்.
(தேன்கனிக்கோட்டை)

மரப் பெட்டிக்கு இருக்கும் நன்மையே இதில்தான். கண்ணாடித் தொட்டி போல உடனே குளிராது. இரண்டு கம்பளியைப் பெட்டியின் மேலும் பக்கங்களிலும் போர்த்துங்கள், ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு. கரண்ட் வந்ததும் கம்பளியை எடுத்த பிறகே சுவிட்ச். நான்கைந்து மணி நேரம் 22, 21 வரை இறங்கினால் நலமாக இருக்கும் பாம்புக்கு ஒன்றும் ஆகாது, அன்று இரை எடுத்திருந்தால்தான் கவலை. வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு ஓரத்தில் வைக்கலாம். கரி அடுப்பு, மெழுகுவத்தி எதுவும் அந்த அறையில் வேண்டாம்.

இன்வெர்ட்டர் இருந்தால், 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியிலிருந்து நடைமுறையில் 1,200 வாட்-மணி எடுக்கலாம். 100 வாட் ஹீட்டர் தனியாக என்றால் 12 மணி நேரம், கூடவே இரண்டு ஃபேன் ஓடினால் 5 மணி நேரம். ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட் எந்த இன்வெர்ட்டரிலும் ஓடும். சூட்டைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகைத் தெர்மோஸ்டாட், ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் தாறுமாறாக நடந்துகொள்ளும்.

குளிர் மாதங்களுக்கு மட்டும், பெட்டியின் பின்புறமும் இரு பக்கங்களும் வெளியே 25 மி.மீ. தெர்மோகோல் ஒட்டினால் சூடு வீணாவது கால் பங்கு குறையும். கூரைப் பலகையின் மேல் மட்டும் ஒட்டாதீர்கள்; கீழே எமிட்டர் இருக்கிறது.

இரை கொடுத்த மூன்றாம் நாள் கக்கிவிட்டது. தெர்மோஸ்டாட் 32 என்றுதான் காட்டுகிறது. ஹீட்டர் காரணமாக இருக்க முடியாதல்லவா?
(ஓசூர்)

முதலில் சந்தேகப்பட வேண்டியதே ஹீட்டரைத்தான். 32 காட்டுவது சென்சார் இருக்கும் இடம். பாம்பு ஒளியும் மறைவிடம் குளிர்ந்த பக்கத்தில் மட்டும் இருந்தால், பயந்த பாம்பு சூட்டைவிட ஒளிவிடத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். வயிற்றில் எலியோடு 22 டிகிரியில் கிடந்தால் எலி செரிக்காமல் அழுகும். இரு பக்கமும் ஒவ்வொரு மறைவிடம் வையுங்கள், சூடான பக்கத்து மறைவிடத்துக்குள் அளந்து பாருங்கள்.

இன்னொன்று: செராமிக் எமிட்டர் செத்துப்போனால் தெரியாது. பல்பு என்றால் இருண்டுவிடும். இது எரிந்தாலும் அணைந்தாலும் ஒரே மாதிரி. தினமும் காலையில் கூண்டுக்குக் கீழே கையை நீட்டிப் பாருங்கள், ஒரு எமிட்டரைக் கைவசம் வைத்திருங்கள்.

பாம்புக்குப் பத்து முதல் பதினான்கு நாள் இரை வேண்டாம், தண்ணீர் மட்டும். அடுத்த இரை வழக்கத்தில் பாதி அளவு. கொடுத்தபின் இரண்டு நாள் தூக்காதீர்கள். மறுபடி கக்கினாலோ, வாயில் நுரை, மூச்சில் சொடுக்குச் சத்தம் இருந்தாலோ மருத்துவர் வேண்டும். ஊர்வன பார்த்த பழக்கம் உள்ளவரா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

சித்திரை வெயிலில் ஹீட்டரைக் கழற்றிவிடலாமா?
(ஊத்தங்கரை)

கழற்ற வேண்டாம், தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். அறை 33-க்கு மேல் போனால் அது எரியவே எரியாது. உங்கள் ஊரில் அந்த மாதங்களில் பிரச்சினை எதிர்ப்பக்கம். குளிரில் காப்பாற்றிய அதே மரம் வெயிலில் சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை மாலை 4 மணிக்கு 36 காட்டினால் பெட்டியின் குளிர்ந்த பக்கமும் 36தான். பாம்புக்கு ஒதுங்க இடம் இல்லை. பெட்டியைத் தரைத்தளத்துக்கு, மேற்குச் சுவரிலிருந்து தள்ளி மாற்றுங்கள். பகலில் துளைகளை முழுக்கத் திறந்து வையுங்கள். பெட்டிக்குள் ஃபேன் காற்று நேராக அடிக்க வேண்டாம், அறையில் சுழன்றால் போதும். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் குளிர்ந்த பக்கத்துக் கூரையின் வெளியே வைக்கலாம், உள்ளே வேண்டாம்.

தோட்டத்தில் பிடித்த சாரைக்குட்டியை இந்த மாதிரிப் பெட்டியில் வளர்க்கலாமா? பால் பைத்தானுக்குப் பதிவு வேண்டுமா?
(தருமபுரி)

சாரை, தண்ணீர்ப் பாம்பு, மலைப்பாம்பு என்று நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குட்டியைப் பிடித்த இடத்திலேயே இன்றே விட்டுவிடுங்கள். பால் பைத்தான் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள இனம். 2024 பிப்ரவரி 28 அன்று வெளியான விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். முட்டை பொரித்துக் குட்டி வந்தாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் அதையும் அங்கே தெரிவிக்க வேண்டும். கார்ன் ஸ்னேக் அந்தப் பட்டியலில் இல்லை. பால் பைத்தான் வாங்கும்போது விற்பவரிடம் பதிவு எண்ணும் கைமாற்றுத் தாளும் கேளுங்கள். தயங்கினால் பாம்பை வாங்காதீர்கள்.